வரைகலை இயக்கியின் வரலாறும் திருப்பூர்த் திரைகளும்

யூனிக்ஸ் மரபில் வந்த மேசைக்கணினி இயங்குதளங்களில் வரைகலை அட்டைக்கான இயக்கியை அமைப்பது, 1990களின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள், கணினியைப் பயன்படுத்துபவரே தம் கையால் செய்துகொள்ள வேண்டிய வேலையாக இருந்தது. அந்த வேலை பயனரின் கையிலிருந்து இயங்குதளத்தின் உட்கருவுக்கு மெல்ல இடம்பெயர்ந்த ஆண்டுகளில்தான் தமிழக அரசு அம்மரபைச் சேர்ந்த லினக்ஸைப் பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் கொண்டுசெல்ல முனைந்தது. திருப்பூரின் பின்னலாடை நிறுவனங்களில் அச்சுக்கான டிசைன் வேலை தாளை விட்டுத் திரையில் நிலைகொண்டதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்தித்திருக்கக்கூடும், சந்திக்கவில்லை. அதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் அதிகம் பேசப்படாத ஒன்று, வன்பொருளின் உள்விவரங்களை யார் தம்மிடம் பூட்டி வைத்திருந்தார்கள் என்பது.

வரைகலை அட்டை என்பது, திரையில் தோன்ற வேண்டிய ஒவ்வொரு படப்புள்ளியின் நிறத்தையும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அதை நொடிக்கு அறுபது முறையோ அதற்கு மேலோ படித்துத் திரைக்கு அனுப்பும் மின்சுற்று. விலை குறைந்த கணினிகளில் அது தனி அட்டையாக இல்லாமல் தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும். அந்தச் சுற்றுக்குள் நூற்றுக்கணக்கான பதிவகங்கள் உண்டு. எந்தப் பதிவகத்தில் எந்த எண்ணை எழுதினால் எது நடக்கும் என்பது சில்லுக்குச் சில்லு மாறும். அதை அறிந்துவைத்து, இயங்குதளம் பொதுவாகக் கேட்பதைக் குறிப்பிட்ட சில்லுக்கு உரிய கட்டளையாக மாற்றித் தரும் நிரலே இயக்கி. ஐரோப்பிய பையருக்கும் திருப்பூர் உற்பத்தியாளருக்கும் நடுவே நின்று, இரு தரப்பின் நடைமுறையையும் அறிந்து ஆர்டரை முடித்துத் தரும் பையிங் ஏஜென்ட்டின் இடம் அதற்கு உண்டு. சில்லுத் தயாரிப்பாளர் பதிவகங்களின் விவரத்தை வெளியிட்டால் திறமை உள்ள யாரும் இயக்கி எழுதலாம். வெளியிடாவிட்டால் தயாரிப்பாளர் தருவதை மட்டுமே நம்பியிருக்க வேண்டும். விண்டோஸுக்கான இயக்கி குறுந்தட்டில் கணினியோடு சேர்ந்தே வந்தது. லினக்ஸுக்கு 1990களில் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் எதையும் தரவில்லை.

யூனிக்ஸ் கணினிகளில் சாளரங்களை வரைந்து காட்டும் எக்ஸ் என்ற அமைப்பு, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் அதீனா திட்டத்தையொட்டி 1984இல் பாப் ஷைஃப்லர், ஜிம் கெட்டிஸ் முதலியோரால் உருவாக்கப்பட்டது. அதன் 11ஆம் பதிப்பு 1987இல் வெளிவந்தது. விலையுயர்ந்த பணிநிலையங்களுக்காக எழுதப்பட்ட அதனைச் சாதாரண 386 கணினிகளுக்குக் கொண்டுவந்தவர் தாமஸ் ரோல். அவருடைய எக்ஸ்386 நிரலிலிருந்து 1992இல் எக்ஸ்ஃப்ரீ86 என்ற தன்னார்வத் திட்டம் கிளைத்தது. பணிநிலையத்தில் அட்டை, திரை, இயங்குதளம் மூன்றும் ஒரே நிறுவனத்திடமிருந்து வந்தன. ஆகவே ஒன்றையொன்று அறிந்திருந்தன. சாதாரணக் கணினியிலோ அட்டை தைவானிலிருந்தும் திரை கொரியாவிலிருந்தும் வந்து, உள்ளூர்க் கடையில் ஒன்றுசேர்க்கப்பட்டன. இந்தியாவில் பிசி குவெஸ்ட் இதழ் 1990களின் பிற்பகுதியில் ஆண்டுதோறும் லினக்ஸ் குறுந்தட்டைத் தன் வாசகர்களுக்கு வழங்கியதும், 1998இல் சென்னையில் லினக்ஸ் பயனர் குழு தொடங்கப்பட்டதும், அந்தக் கலப்பு வன்பொருளின் மீது லினக்ஸையும் அதோடு எக்ஸையும் நிறுவிப் பார்க்கும் ஒரு தலைமுறையைத் தமிழகத்தில் உருவாக்கின.

அவர்கள் எதிர்கொண்டது ஓர் உரைக்கோப்பு. எக்ஸ்எஃப்86கான்ஃபிக் என்றும், பின்னர் எக்ஸார்க்.கான்ஃப் என்றும் பெயர் பெற்ற அதில், அட்டைக்கு ஒரு பகுதி, திரைக்கு ஒரு பகுதி, இரண்டையும் இணைப்பதற்கு ஒரு பகுதி, விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் தனித்தனிப் பகுதிகள் என்று பயனரே எழுதி நிரப்ப வேண்டியிருந்தது. திரைப் பகுதிதான் கடினமானது. குழாய்த்திரைக்குள் எலெக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக ஒவ்வொரு வரியாகவும், மேலிருந்து கீழாக ஒவ்வொரு சட்டகமாகவும் ஓடுவதால், அந்த ஓட்டத்தின் வேகத்தைக் கணக்கிட்டுத் தர வேண்டும். 1024க்கு 768 படப்புள்ளிகள் கொண்ட காட்சியை எடுத்துக்கொண்டால், கற்றை வரியின் இறுதியிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும் நேரத்தையும் சேர்த்து ஒரு வரிக்கு 1344 புள்ளிகளும், கீழிருந்து மேலே திரும்பும் நேரத்தையும் சேர்த்து ஒரு சட்டகத்துக்கு 806 வரிகளும் கொள்ளப்படும். அட்டை நொடிக்கு 6.5 கோடிப் புள்ளிகளை, அதாவது 65 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் அனுப்பினால், அதை 1344ஆல் வகுக்க நொடிக்கு ஏறத்தாழ 48,360 வரிகளும், அதை மீண்டும் 806ஆல் வகுக்க நொடிக்கு 60 சட்டகங்களும் கிடைக்கும். இந்த எண்கள் அனைத்தும் மோட்லைன் எனப்பட்ட ஒரே வரியில் எழுதப்பட்டன. திரை தாங்கக்கூடிய எல்லைக்கு மேலான வேகத்தை எழுதினால் பழைய திரைகள் பழுதாகும் என்ற எச்சரிக்கை ஆவணங்களிலேயே இருந்தது. அது வெற்று அச்சுறுத்தலும் அல்ல. ஆகவே திரையோடு வந்த கையேட்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் கிடைமட்ட, செங்குத்து அலைவெண் எல்லைகளைப் பத்திரப்படுத்தி வைப்பது அக்காலத்தில் அறிவுடைமையாகக் கருதப்பட்டது. திரை தன் எல்லைகளைத் தானே அட்டைக்கு அறிவிக்கும் முறையை வெசா என்னும் தர அமைப்பு 1994இலேயே வகுத்திருந்தபோதிலும், அதைப் பேசும் திரைகளும் அதைக் கேட்டறியும் இயக்கிகளும் பரவப் பல ஆண்டுகள் பிடித்தன.

நிற ஆழம் என்ற மற்றோர் அமைப்பு, துணியோடு தொழில் செய்யும் ஊருக்குக் கூடுதலாக முக்கியமானது. ஒரு படப்புள்ளிக்கு 16 பிட் ஒதுக்கினால் சிவப்புக்கு 5, பச்சைக்கு 6, நீலத்துக்கு 5 என்று பிரிந்து, மொத்தம் 65,536 நிறங்களே கிடைக்கும். சிவப்பில் 32 படிகளுக்கு மேல் இல்லை. 24 பிட் ஒதுக்கினால் 1.67 கோடிக்கும் மேற்பட்ட நிறங்கள் கிடைக்கும். ஆனால் 1024க்கு 768 காட்சிக்கு 16 பிட்டில் 1.5 மெகாபைட் நினைவகம் போதும்; 24 பிட்டில் 2.25 மெகாபைட் வேண்டும். 2 மெகாபைட் நினைவகம் கொண்ட அட்டை 1990களில் பரவலாக இருந்ததால், அதை வைத்திருந்தவர் நிறத்தைக் குறைக்க வேண்டும், அல்லது காட்சியின் அளவைக் குறைக்க வேண்டும். நிறத்தைக் குறைத்தால், மேலே அடர்ந்து கீழே மங்கிச் செல்லும் ஒரு நீலம், இழைந்து இறங்காமல் பட்டை பட்டையாகத் தெரியும். உரை எழுதுபவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. டி-ஷர்ட்டின் மார்புப் பகுதிக்கு அச்சு வரைபவருக்கு அதுவே வேலை.

திருப்பூரில் 1920களில் சில பின்னல் இயந்திரங்களோடு தொடங்கி உள்நாட்டு பனியன் சந்தைக்கு உழைத்துவந்த தொழில், 1970களின் இறுதியில் இத்தாலியிலிருந்து வந்த வாங்குநர்களின் வழியாக ஏற்றுமதிக்குத் திரும்பியது. 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் அமைந்தது. ஏற்றுமதி வந்தபோது அச்சிட்ட ஆடைகளும் வந்தன. அச்சோடு ஆர்ட்வொர்க்கும், நிறத்துக்கு ஒன்றாக அதைப் பிரிக்கும் செப்பரேஷன் வேலையும், பிரித்த ஒவ்வொன்றுக்கும் ஃபிலிமும், ஃபிலிமிலிருந்து எக்ஸ்போஸ் செய்த ஸ்கிரீனும் வந்தன. இந்த வேலைக்கான கணினிகளில் கோரல்டிரா, போட்டோஷாப் போன்றவை நிலைபெற்றன. பேட்டர்ன் வரையவும் மார்க்கர் இடவும் கெர்பர், லெக்ட்ரா போன்ற நிறுவனங்களின் மென்பொருள்கள் வந்தன. கணக்குக்கு டேலி வந்தது. அநேகமாக எல்லாமே விண்டோஸில் இயங்குபவை. ஆகவே திருப்பூரின் டிசைன் அறை விண்டோஸை விரும்பித் தேர்ந்தெடுத்தது என்பதைவிட, தான் வாங்கிய மென்பொருளோடு அதையும் ஏற்றுக்கொண்டது என்பதே சரி.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். திருப்பூரில் நிறத்தைப் பற்றிய இறுதித் தீர்ப்பு திரையிடம் இல்லை. சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் சிறு துண்டுத் துணியில் சாயமேற்றி பையரின் ஒப்புதலுக்கு அனுப்பும் லேப் டிப்பும், அச்சுக்கான முதல் மாதிரியாகிய ஸ்ட்ரைக்-ஆஃபும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. அவை லைட் பாக்ஸ் என்னும் பெட்டிக்குள், பகல் வெளிச்சத்துக்கு ஈடான டி65 விளக்கிலும், ஐரோப்பியக் கடைகளின் வெளிச்சத்தை ஒத்த டிஎல்84 விளக்கிலும் மாறி மாறிப் பார்க்கப்படுகின்றன. ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு சாயங்கள் மற்றொரு விளக்கில் வேறுபட்டு நிற்கலாம் என்பதே இதற்குக் காரணம். ஆனால் கணினித் திரையின் வெண்மைக்கு உலகம் முழுவதும் பொதுவாகக் கொள்ளப்படும் அளவும் இதே டி65தான். அந்த அளவுக்குச் சரிசெய்த திரையில் வரைந்தவரின் ஆர்ட்வொர்க்கும், பெட்டிக்குள் வைத்த துணியும் நெருங்கி வரும்; சரிசெய்யாத திரையில் வரைந்தால் ஸ்ட்ரைக்-ஆஃப் ஒருமுறைக்கு இருமுறை திரும்பி வரும், அதோடு ஷிப்மென்ட்டுக்கான நாட்களும் கரையும். திரையைச் சரிசெய்யும் வேலையில் இயக்கிக்கு நேரடிப் பங்கு உண்டு. அதைப் பற்றிப் பின்னர் காணலாம்.

தமிழகத்தில் லினக்ஸ் தன்னார்வலர்களின் வட்டத்தைத் தாண்டி வெளியே வந்தது, மாநில அரசின் மின்னணு நிறுவனமாகிய எல்காட் வழியாகத்தான். 2000களின் இரண்டாம் பாதியில் சி. உமாசங்கர் அதன் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், எல்காட் தன் சொந்த அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. பள்ளிகளுக்கு வாங்கித் தந்த பல்லாயிரக்கணக்கான கணினிகளிலும் அதையே நிறுவச் செய்தது. கணினியை விற்பவர் லினக்ஸில் இயங்கும் வன்பொருளைத்தான் தர வேண்டும் என்ற நிபந்தனையை மொத்தமாக வாங்கும் ஓர் அரசு நிறுவனம் விதிக்க முடியும். தனியாக ஒன்று வாங்கும் பயனரால் அது இயலாது. எல்காட்டின் முயற்சியில் மிக மதிப்புள்ள கூறு இதுவே. உரிமத்தொகை மிச்சமானதைப் பற்றிப் பேசியவர்கள் இதைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை.

அந்தக் காலத்து சூசேயில் திரை அமைப்புக்கென்றே சாக்ஸ்2 என்ற கருவி இருந்தது. அது அட்டையைக் கண்டறிந்து, திரைகளின் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, அமைவுக்கோப்பைத் தானே எழுதித் தரும். படம் ஒருபக்கம் சாய்ந்திருந்தால் அம்புக்குறிகளால் நகர்த்தவும் இடம் கொடுத்தது. மோட்லைன் கணக்கை ஆசிரியர் அறிய வேண்டியதில்லை என்ற நிலை அதனால் வந்தது. ஆயினும் கருவியால் தீர்க்க முடியாத சிக்கல்கள் அடியில் இருந்தன. தாய்ப்பலகையில் பதிந்த இன்டெல் சில்லுகளுக்கான இயக்கி, காட்சியின் அளவைத் தானாக மாற்ற அறியாமல், பலகையின் பயாஸ் என்னும் தொடக்க நிரலில் எழுதிவைத்த காட்சி அளவுகளுக்குள் ஒன்றையே கேட்டுப் பெற்றுக்கொண்டிருந்தது. அகன்ற திரையின் அளவு அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால், எழுத்தெல்லாம் அகலமாக இழுபட்டுத் தெரியும். அதைச் சரிசெய்ய, கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் பயாஸின் நினைவகப் படியில் அளவை மாற்றியெழுதும் 855ரெசல்யூஷன், 915ரெசல்யூஷன் போன்ற சிறு நிரல்களைத் தன்னார்வலர்கள் எழுதி உலவவிட்டார்கள். கீத் பேக்கார்டும் எரிக் ஆன்ஹோல்ட்டும் உள்ளிட்ட இன்டெல் பொறியாளர்கள், சில்லின் காட்சிப் பதிவகங்களை நேரடியாக இயக்கும் புதிய இயக்கியை 2007இல் வெளியிட்ட பிறகுதான் அவற்றின் தேவை மறைந்தது.

2007 வேறொரு வகையிலும் திருப்புமுனை ஆண்டு. எக்ஸ்ஃப்ரீ86 திட்டம் 2004இல் தன் உரிம விதிகளை மாற்றியதை ஏற்காத பெரும்பாலான நிரலாளர்கள் எக்ஸ்.ஆர்க் அறக்கட்டளையின் கீழ் திரண்டு, ஒற்றைப் பாறையாக இருந்த மென்பொருளைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரித்திருந்தார்கள். 2007 செப்டம்பரில் ஏ.எம்.டி. நிறுவனம் தன் ரேடியான் சில்லுகளின் பதிவக ஆவணங்களைப் பொதுவில் வெளியிடத் தொடங்கியது. அவற்றைக் கொண்டு முதலில் இயக்கி எழுதியவர்கள் சூசேயின் நிரலாளர்கள். என்விடியா மட்டும் மறுத்தது. அதன் சில்லுகளுக்கு நூவோ என்னும் திட்டத்தினர், தயாரிப்பாளரின் மூடிய இயக்கி சில்லோடு நடத்தும் உரையாடலை ஒற்றுக்கேட்டு, எந்த எண் எதைச் செய்கிறது என்று ஒவ்வொன்றாக ஊகித்து, விவரம் எதுவும் கையில் இல்லாமலே ஓர் இயக்கியை உருவாக்கினார்கள். கணினி வரலாற்றில் இதைவிடப் பொறுமை கோரிய கூட்டுழைப்பு அதிகம் இல்லை. அதேவேளை, காட்சியை அமைக்கும் பொறுப்பு எக்ஸிடமிருந்து கெர்னல் எனப்படும் கருநிரலுக்கு மாறியது. 2009 மார்ச்சில் வந்த 2.6.29 பதிப்பில் இன்டெல் சில்லுகளுக்கும், 2010 பிப்ரவரியில் வந்த 2.6.33 பதிப்பில் நூவோ வழியாக என்விடியா சில்லுகளுக்கும் இது கிடைத்தது. கணினியை இயக்கிய சில நொடிகளிலேயே திரை தன் சரியான அளவில் நின்றது; அமைவுக்கோப்பு இல்லாமலே சாளரங்கள் திறந்தன. சாக்ஸ்2 தேவையற்றுப்போய்க் கைவிடப்பட்டது.

ஆகவே 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, தொழில்நுட்பம் ஐந்தாண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட மிகவும் கனிந்திருந்தது. தொடக்கக் கட்ட மடிக்கணினிகளில் விண்டோஸ் 7இன் ஸ்டார்ட்டர் பதிப்போடு, சென்னை சி-டாக் மையம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி 2007இல் வெளியிட்ட பாஸ் என்னும் இயங்குதளமும் நிறுவப்பட்டிருந்தது. தொடங்கும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். 2009இல் உருவான திருப்பூர் மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பு படித்தவர்கள், அவர்களுள் பனியன் கம்பெனிகளின் பவர் டேபிள்களிலும் சாயப்பட்டறைகளிலும் உழைப்பவர்களின் பிள்ளைகள் பலர், தமிழில் பட்டியலும் தமிழ் விசைப்பலகையும் கொண்ட ஒரு யூனிக்ஸ் மரபு மேசையைச் சொந்தக் கணினியிலேயே பெற்றார்கள். அந்த வாய்ப்பு பெரும்பாலும் பயன்படாமல் கழிந்தது என்பதே இக்கட்டுரையின் மதிப்பீடு. காட்சி அமைவு தடையாக இருந்த ஆண்டுகளில் அரசுத் தரப்பினர் லினக்ஸைப் பரப்ப முனைந்தார்கள். தடை நீங்கியபோது மடிக்கணினியைத் தந்தார்களே தவிர, அந்த மேசையை எதற்குப் பயன்படுத்தலாம் என்று தொழிலோடு பொருத்திக் காட்டுபவர் இல்லை. இங்க்ஸ்கேப், கிம்ப் என்னும் வரைகலை மென்பொருள்கள் அதில் இலவசமாக இயங்கின. ஆர்ட்வொர்க் வரையும் வேலைக்கு ஆள் தேடிய ஊரிலேயே அந்த மாணவர்கள் இருந்தார்கள்.

தனி வரைகலை அட்டை பொருத்திய டிசைன் கணினிகளின் கதை வேறு. அவற்றில் பெரும்பாலும் என்விடியாவே இருந்ததால், லினக்ஸை நிறுவுபவர் நூவோவுக்கும் தயாரிப்பாளரின் மூடிய இயக்கிக்கும் இடையே தேர்ந்தெடுக்க வேண்டும். நூவோ புதிய சில்லுகளில் மெதுவாக இயங்கும். சிலவற்றில் தொடக்கத்திலேயே திரை கறுத்து நின்றுவிடும். அப்போது கெர்னலுக்குத் தரும் வரியில் நோமோட்செட் என்ற சொல்லைச் சேர்த்து, காட்சி அமைவை அது தொடாமல் தடுத்துத்தான் உள்ளே நுழைய முடியும். மூடிய இயக்கியை நிறுவினால், இரண்டும் ஒரே சில்லுக்குப் போட்டியிடாதபடி நூவோவை விலக்குப் பட்டியலில் எழுத வேண்டும். கெர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் இயக்கியின் ஒரு பகுதியை அதற்கேற்ப மீண்டும் தொகுக்க வேண்டும். டி.கே.எம்.எஸ். என்ற கருவி இதைத் தானாகச் செய்யும் என்றாலும், அது தவறும் நாளில் கணினி எழுத்துத்திரையில் நின்றுவிடும். காலை ஒன்பது மணிக்கு மெர்ச்சண்டைசர் ஃபிலிமுக்காகக் காத்திருக்கும் இடத்தில் அத்தகைய நாளை யாரும் ஏற்கமாட்டார்கள்.

நிறச் சரிசெய்தலில் இயக்கியின் இந்த மூடிய தன்மை இன்னும் நேரடியாக இடித்தது. திரையின் மீது அளவுகோல் கருவியை வைத்து, அது காட்டும் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் எவ்வளவு விலகுகிறது என்று அளந்து, அந்த விலகலை ஈடுசெய்யும் வளைவுகளை வரைகலை அட்டையின் அட்டவணைக்குள் ஏற்றுவதே முறை. ஏற்றித் தருவது இயக்கி. ஒவ்வொரு திரைக்கும் தனித்தனி வளைவை ஏற்றும் வழியை எக்ஸின் ரேண்ட்ஆர் நீட்சி 2007இலேயே தந்தது. திறந்த இயக்கிகள் அதைப் பின்பற்றின. 2011 செப்டம்பரில், மடிக்கணினித் திட்டம் தொடங்கிய அதே மாதத்தில், வெளிவந்த க்னோம் 3.2 மேசையில் நிற மேலாண்மை ஓர் இயல்பான பகுதியாகவும் ஆயிற்று. என்விடியாவின் மூடிய இயக்கியோ 2012இன் 302 வரிசை வரும்வரை அந்த நீட்சியை முழுமையாக ஏற்கவில்லை. இரண்டு திரைகளை ஒரே திரையாகக் காட்டும் தன் பழைய முறையையே வைத்திருந்தது. டிசைன் அறைக்கு மிகவும் பொருத்தமான அட்டையிலேயே, டிசைன் அறைக்கு மிகவும் வேண்டிய வசதி ஐந்தாண்டுகள் தாமதமாக வந்தது.

2022 மே மாதம் என்விடியா, தன் டூரிங் தலைமுறைக்கும் அதன் பின்வந்தவற்றுக்கும் உரிய கெர்னல் பகுதியின் மூலநிரலைத் திறந்தது. எக்ஸின் இடத்தை, 2008இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலண்ட் எடுத்துக்கொண்டு வருகிறது. அது வளைவுகளை வெளியிலிருந்து ஏற்ற இடம் தராததால், நிற மேலாண்மையை முதலிலிருந்து மீண்டும் வகுக்க வேண்டியதாயிற்று. பல ஆண்டு விவாதத்துக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் அதற்கான நெறிமுறை ஏற்கப்பட்டது; அடுத்த மாதம் வந்த கிம்ப் 3.0 பதிப்பு, அச்சு நிறங்களைத் திரையில் முன்பார்க்கும் வசதியை முன்னிலும் மேம்படுத்தியது. ஆடையை வெட்டித் தைக்காமலே முப்பரிமாணத்தில் காட்டி பையரின் ஒப்புதல் பெறும் சிஎல்ஓ போன்ற மென்பொருள்கள் விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டுமே வெளிவருகின்றன. வலிமையான வரைகலை அட்டை இன்றியமையாத அந்த வேலையில், இயக்கி தயாராக இருந்தும் லினக்ஸ் மேசைக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.